பதினொன்றாம் குச்சி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும், பொய்யில்லை. பதினெட்டு வருடம் முழங்கால் சேற்றில் நின்று ஆற்றை அளக்கிறவளுக்குச் சாந்த குணம் எங்கிருந்து வரும்? ஆனால் அந்தக் கோபத்தாலேயே என் அண்ணன் வீட்டை ஆற்றில் இறக்கிவிட்டேன். பாதியை ஆறு செய்தது. மீதியை நான்தான் செய்தேன்.

வனத்துறையில் எனக்கு அளவெடுக்கிற வேலை. தெருவில் என்னை டேப்பு அக்கா என்பார்கள். ஆறு கடலில் சேருகிற இடத்தில் அலையாத்திக் காடு இருக்கிறது. மாதம் ஒரு முறை அங்கே எனக்கு இரண்டு வேலைகள். முதல் வேலை காட்டுக்குள். சேற்றில் நட்டிருக்கும் இரும்புக் கம்பிகளைப் பார்த்து, சேறு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எழுத வேண்டும். அதற்கு மூன்று கால் வைத்த கண்ணாடிக் கருவி ஒன்று உண்டு. இரண்டாவது வேலை கரையில். ஆற்றின் விளிம்பிலிருந்து இருபது அடி உள்ளே, தலையில் சிவப்புப் பெயின்ட் அடித்து எண் போட்ட மரக்குச்சிகளை நட்டிருப்போம். டேப்பின் முனையைக் குச்சியில் மாட்டிவிட்டு விளிம்பு வரை நடப்பேன். போன மாதம் இருபது அடி, இந்த மாதம் பத்தொன்பதரை என்றால் கரை அரை அடி போய்விட்டது என்று அர்த்தம். இதற்குக் கருவியும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம். பச்சைக் குழந்தைக்கும் புரிகிற கணக்கு.

அண்ணன் படகு எஞ்சின் மெக்கானிக். கரையை ஒட்டிய தெருவில் மொத்தம் ஆறு வீடுகள். முதல் வீடு அண்ணனுடையது. முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் குடித்தனம். பதினொன்றிலிருந்து பதினாறு வரை ஆறு குச்சிகள், வீட்டுக்கு ஒன்றாக அந்தத் தெருவில் நின்றன. அளக்கப் போகிற நாளெல்லாம் அண்ணி கையால் ஒரு டீ குடிக்காமல் திரும்பியதில்லை. அண்ணன் எஞ்சின் எண்ணெய்க் கையோடு எதிரே வந்து உட்காருவான். எனக்கு ஐம்பது வயதான பிறகும் அவனுக்கு நான் பாப்பாதான்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் பதினொன்றாம் குச்சியில் டேப்பை மாட்டி நடந்தேன். பதினாலு அடியிலேயே விளிம்பு வந்துவிட்டது. பன்னிரண்டு வருடமாக அசையாத கரை, போன மாதம்கூட இருபதுதான். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"யாருடா இதைப் புடுங்கி நட்டது?" என்று நடுத்தெருவில் நின்று கத்தினேன். அண்ணன் பட்டறையிலிருந்து ஓடி வந்தான்.

"யாரும் தொடல பாப்பா. போன வாரம் பெரிய தண்ணி வந்துச்சுல்ல, கரை அப்படியே சரிஞ்சுடுச்சு."

"ஒரே மாசத்துல ஆறடியா? எனக்கே காது குத்துறியா? பன்னெண்டு வருஷமா அளக்கிறேன், ஆறு என்ன செய்யும், என்ன செய்யாதுன்னு எனக்குத் தெரியாதா? ஏதோ வாண்டுங்க வெளையாட்டுக்குப் புடுங்கித் தண்ணிப் பக்கம் தள்ளி நட்டிருக்குதுங்க. நீ அதுங்களைக் காட்டிக்கொடுக்காம நிக்கிற."

"இல்லம்மா..."

"பேசாதே. அளவு இப்படித் தாறுமாறா வந்தா ஆபீஸ்ல யாருக்கு மெமோ வரும்? எனக்குத்தான. இனிமே இந்தத் தெருவுல எவனாவது குச்சியைத் தொட்டான்னு தெரிஞ்சுது, கையை ஒடிச்சுருவேன். நான் வர்றப்ப இது இருக்க வேண்டிய எடத்துல இருக்கணும்!"

சொல்லிவிட்டுக் குச்சியை நானே பிடுங்கினேன். விளிம்பிலிருந்து டேப்பை வைத்து இருபது அடி அளந்து, ஒரு சாண் குறைத்து நட்டேன். அந்தப் பெரிய தண்ணீரில் ஒரு சாண் போயிருக்கலாம், அதற்கு மேல் போக வாய்ப்பில்லை என்பது என் மேதாவித்தனம். நோட்டில் பத்தொன்பதேகால் என்று எழுதினேன். அண்ணன் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். மெக்கானிக் அல்லவா, ஒரு வேலையை ஒரு தடவை பார்த்தால் போதும், கை பழகிவிடும்.

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் அளவு தாறுமாறாக வரவே இல்லை. ஆறு குச்சிகளும் சொன்னபடி கேட்கிற பிள்ளைகள் மாதிரி நின்றன. வருடத்துக்கு ஒரு சாண், மிஞ்சிப் போனால் ஒன்றரை. 'பார்த்தியா, ஒரு சத்தம் போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது' என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

காட்டுக்குள்ளும் சந்தோஷச் செய்திதான். கம்பிகளில் சேறு ஏறிக்கொண்டே வந்தது. முதல் வருடம் ஒரு விரல், பிறகு இரண்டு, பிறகு நான்கு. அலையாத்தி மரத்துக்குச் சேற்றுக்கு மேலே பென்சில் பென்சிலாக வேர் நீட்டிக்கொண்டிருக்கும். மரம் மூச்சு விடுவதே அந்த வேர் வழியாகத்தான். முன்பெல்லாம் அதில் கால் வைத்தால் ரத்தம் வந்துவிடும். இப்போது மெத்தை மேல் நடக்கிற மாதிரி நடந்து போனேன். 'காட்டுக்குப் புது மண் சேர்கிறது' என்று அறிக்கையில் எழுதினேன். மூச்சு வேர் குட்டையாகிக்கொண்டு வருகிறது என்று எழுதியிருக்க வேண்டும். காலில் குத்தவில்லை என்கிற நிம்மதியில் அது எனக்குத் தோன்றவே இல்லை.

போன வருடம் புதிதாக ஒரு அதிகாரி மாற்றலாகி வந்தார். சின்ன உருவம், மெல்லிய குரல், எதையும் இரண்டு தடவை படிக்கிற பழக்கம். கரை அரிப்பால் ஆபத்தில் இருக்கிற ஒரு தெருவுக்கு மேட்டில் மாற்று மனை கொடுக்கப் போகிறார்கள். வருடத்துக்கு மூன்று அடிக்கு மேல் கரை போகிற இடமாக இருக்க வேண்டும். அவர் என் நோட்டையெல்லாம் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"உங்க அண்ணன் இருக்கிற தெருவைப் பட்டியல்ல சேக்கலாமான்னு பாக்குறேன். ஆனா உங்க அளவுல அங்க வருஷத்துக்கு ஒரு சாண்தான் போகுது."

"ஆமா மேடம். அந்தக் கரை கல்லு மாதிரி."

"அப்போ எனக்கு ஒண்ணு புரியல. அங்க கரை பெருசா போகலை. ஆனா அதுக்குக் கீழ இருக்கிற காட்டுல சேறு நாலு விரல் ஏறியிருக்கு. இவ்வளவு மண்ணு எங்கிருந்து வருது?"

நியாயமான கேள்வி. அதை அன்றைக்கு நான் காதில் வாங்கியிருந்தால் போதும், இன்றைக்கு இந்தக் கதையே இல்லை. ஆனால் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நேற்று வந்தவர், செருப்பில் சேறு படாதவர், என் அளவில் குற்றம் கண்டுபிடிப்பதா?

"மேலாத்துல எங்கயாவது கரைஞ்சு வரும் மேடம். பதினெட்டு வருஷமா அளக்கிறேன், ஒரு நூல் தப்பாது. அண்ணன் வீடுங்கிறதுக்காக நான் கூட்டி எழுதணுமா? அந்தப் பொழப்பு எனக்கு வேணாம்."

அவர் நோட்டை மூடினார். மனை ஆற்று வளைவுக்கு அந்தப் பக்கத்துத் தெருவுக்குப் போனது. நேர்மையாக நடந்துகொண்டோம் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த முறை அளக்கப் போனபோது அண்ணி டீயோடு காத்திருந்தாள். டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"அடுத்த பட்டியல்லயாவது எங்க தெருவைச் சேக்கச் சொல்லி எல்லாரும் மனு குடுக்கலாம்னு இருக்கோம். நீ சொல்லு. குடுக்கவா, வேணாமா?"

"எதுக்கு அண்ணி வீணா அலையறீங்க? நான் அளந்து பாத்துதான் சொல்றேன். இன்னும் அம்பது வருஷத்துக்கு இந்தக் கரைக்கு ஒண்ணும் ஆகாது."

"எனக்கென்னமோ ஆறு கிட்ட வந்த மாதிரியே இருக்கு. முன்னெல்லாம் துணி காயப்போட்டா தண்ணிச் சத்தம் கேக்காது. இப்ப சலசலன்னு காதுக்குள்ளயே கேக்குது."

"உனக்கு வயசாக ஆகக் காது கூர்மையாகுது போல," என்று அண்ணன் சிரித்தான். "அவ படிச்சவ, கண்ணாடி வெச்சுப் பாத்து எழுதுறா. பாப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே எழுந்து போய், கொடியில் தொங்கிய ஈரப் போர்வையைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டுக் குனிந்து, பதினொன்றாம் குச்சியில் டேப்பை மாட்டினேன்.

இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஆறு வருடத்துக்கு முன்னால் அந்தத் துணிக்கொடிக்கும் குச்சிக்கும் நடுவில் இரண்டு படகைக் கவிழ்த்துப் போட்டு வேலை பார்ப்பான் அண்ணன். இப்போது குச்சி கொடிக்கு அடியிலேயே நிற்கிறது. நானோ, 'ஆத்தைப் பாத்துக் கூரையை நீட்டிக்கிட்டே போறியேண்ணே, அடுத்து ஆத்து மேலயே கட்டுவியா' என்று அவனைக் கிண்டல் செய்தேன். அவன் பட்டறைக்கு முன்னால் ஒரு சாய்ப்பு இறக்கியிருந்தது உண்மைதான். எல்லாம் அதனால்தான் நெருக்கமாகத் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன். பதினெட்டு வருடம் குச்சியிலிருந்து ஆற்றைப் பார்த்தே அளந்தேன். குச்சி நட்ட நாளுக்குப் பிறகு ஒரு தடவைகூட, திரும்பி நின்று வீட்டுப் பக்கம் டேப்பை நீட்டவில்லை.

மனு எழுதவில்லை. டேப்பு அக்காவே சொல்லிவிட்டாள் என்று ஆறு வீட்டுக்காரர்களும் விட்டுவிட்டார்கள்.

நான்கு மாதம் கழித்து ஒரு காலை, பத்து மணி இருக்கும். காட்டுக்குள் கம்பி பார்த்துக்கொண்டிருந்தேன். படகோட்டி கரையிலிருந்து கையை ஆட்டினார். நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பார் என்பதால் அவருக்கு வானொலி என்று பெயர். அன்றைக்கு அவர் வாயிலிருந்து பேச்சே வரவில்லை. நோட்டை மூடிக்கொண்டு படகுக்கு நடந்தேன்.

"உங்க அண்ணன் வீடு," என்றார். "ஆளுங்களுக்கு ஒண்ணுமில்ல."

படகு வளைவைத் தாண்டியதும் பார்த்தேன். பட்டறை இருந்த இடத்தில் ஆறு இருந்தது. கடைசல் எந்திரம், எஞ்சின்கள், கூரைச் சாய்ப்பு, துணிக்கொடி எதுவும் இல்லை. குடித்தனத்தின் முன்னறை பாதியாக அறுந்து, சுவரில் மாட்டிய நாட்காட்டி ஆற்றைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணி பின்வாசலில் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்கு அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

அண்ணன் இடுப்பு வரை சேறாக எதிரே வந்தான். ஒரு கை முழுக்கச் சிராய்ப்பு. இன்னொரு கையில் சிவப்புத் தலைக் குச்சி.

"பயப்படாதே பாப்பா," என்றான். "உன் பதினொண்ணு பத்திரம்."

"இதை ஏண்ணே..." என்றேன்.

"கரை விரிசல் விட்டதும் மொத வேலையா இதைத்தான் புடுங்கினேன். இது போச்சுன்னா உனக்கு மெமோ குடுப்பானுங்களே. எடுத்துட்டுத் திரும்புறேன், கடைசல் எந்திரம் உள்ள போயிடுச்சு. போகட்டும் விடு. தண்ணி வடியட்டும், எப்பவும் போலப் பின்னாடி தள்ளி நட்டுடலாம்."

"எப்பவும் போலன்னா?"

"அதான், ஒவ்வொரு தடவை கரை சரியிறப்பவும் செய்வோமே. நீ அன்னிக்குக் காட்டிக்குடுத்த மாதிரிதான். முடிச்சுப் போட்ட கயிறு ஒண்ணு வெச்சிருக்கேன். விளிம்புலேர்ந்து பழைய அளவுக்குப் பிடிச்சு, லேசாக் குறைச்சு நட்டுருவேன். அப்படியே விட்டாத்தான் நீ கத்துவியே!" அவன் சிரிக்கப் பார்த்தான். "பக்கத்து வீட்டுக்காரங்க குச்சியையும் நான்தான் பாத்துக்குவேன். அவங்களுக்கு அளவு சரியா வராது."

அந்தக் கயிற்றைப் பட்டறைச் சுவரில் ஆணியில் மாட்டியிருந்ததை நூறு தடவை பார்த்திருக்கிறேன். படகு கட்டுகிற கயிறு என்று நினைத்தேன்.

"அப்போ நான் இந்தக் குச்சியை வெச்சு என்ன அளக்கிறேன்னு நெனச்சே?"

"அது ஆபீஸ் சாமான், நிக்க வேண்டிய எடத்துல நிக்கணும்னு சொன்னே, நிப்பாட்டினேன். அது எடத்துல நிக்குதான்னு பாக்கத்தான் நீ டேப்பு பிடிக்கிறேன்னு நெனச்சேன். அளக்கிறதெல்லாம் அந்த மூணு கால் கண்ணாடியிலதான? அதுல ஒரு நூல் தப்பாதுன்னு நீதான சொல்லுவே."

அவன் கையிலிருந்து குச்சியை வாங்கிக்கொண்டேன். அவன் முகத்தைப் பார்த்து, உன் வீட்டை நீயே பட்டியலிலிருந்து நகர்த்திவிட்டாய் என்று எப்படிச் சொல்வது? சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். இது என்னோடு போகட்டும்.

நேரே அதிகாரியிடம் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முதல் குச்சியை நகர்த்தியது நான், மிரட்டியது நான், நம்பாதது நான். அவர் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"அன்னிக்கு நான் இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேட்டிருக்கணும்," என்றார். அது எனக்கு இன்னும் வலித்தது. "ரெண்டாவது பட்டியல் வெள்ளிக்கிழமை போகுது. உங்க அண்ணனுக்கும் மிச்சமிருக்கிற அஞ்சு வீட்டுக்கும் சரியான அளவு வேணும். உண்மையில எவ்வளவு போயிருக்குன்னு கண்டுபிடிக்க வழி இருக்கா?"

வழி இருந்தது. பதினெட்டு வருடத்துக்கு முந்தைய முதல் நோட்டின் முதல் பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருந்தது. குச்சி நட்ட அன்று, ஒவ்வொரு வீட்டுச் சுவரிலிருந்தும் குச்சி எத்தனை அடி என்று எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தை நான் புரட்டவே இல்லை. பதினொன்று, சுவரிலிருந்து முப்பத்தைந்து. பன்னிரண்டு, முப்பத்தெட்டு. பதிமூன்று, நாற்பது. நோட்டை எடுத்துக்கொண்டு காட்டு வழியாகவே தெருவுக்குத் திரும்பினேன். வழியில் மரங்கள் உச்சியில் பழுத்து இலை உதிர்த்துக்கொண்டிருந்தன. மூச்சு வேர் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. அண்ணனுடைய முற்றம் அங்கே நான்கு விரல் உயரத்துக்கு மரங்களின் மூச்சை அடைத்துக்கொண்டு கிடந்தது. இதைத்தான் புது மண் என்று மகிழ்ந்து எழுதியிருக்கிறேன்.

டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். வானொலியைக் கூப்பிடலாம் என்று திரும்பினேன். அதற்குள் அண்ணனே எழுந்து வந்துவிட்டான். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பான். பன்னிரண்டாம் குச்சியில் டேப்பை மாட்டினேன். அவன் வழக்கப்படி ஆற்றுப் பக்கம் நடந்தான்.

"அந்தப் பக்கம் இல்லண்ணே. வீட்டுப் பக்கம்."

"வீட்டுப் பக்கமா? இவ்வளவு வருஷத்துல அந்தப் பக்கம் அளந்ததே இல்லையே."

"ஆமா."

சுவரில் முனையை வைத்துப் பிடித்தான். எட்டு அடி. முதல் பக்கத்தில் முப்பத்தெட்டு. நோட்டை மார்போடு சாய்த்துக்கொண்டு எழுதினேன். ஆனால் அவன் எஞ்சினின் உள்ளே என்ன கோளாறு என்று சத்தத்தை வைத்தே சொல்கிறவன். என் பேனா ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கிட்டே வந்து நோட்டை மெதுவாகத் திருப்பிப் படித்தான். பழைய பக்கம், புதிய பக்கம், மறுபடி பழைய பக்கம்.

"இந்தக் குச்சியை வெச்சுத்தான் அளந்தியா?" என்று கேட்டான்.

நான் பேனாவை மூடினேன்.

"மனை கெடைக்காமப் போனது... பாப்பா, அப்போ நான்தானா?"

"நீ இல்லண்ணே. நான். நான் கத்தினதால நீ நகத்தினே. நீ அன்னிக்கு உண்மையச் சொன்னே, நான்தான் பொய்யுன்னு சொன்னேன். நான்தாண்ணே."

அவன் தலையை ஆட்டினான். ஒத்துக்கொண்ட ஆட்டலா, மறுத்த ஆட்டலா, எனக்குத் தெரியவில்லை. அண்ணி பின்வாசலிலிருந்து எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்கும், அவளுக்குத்தான் காது கூர்மையாயிற்றே. அழ எனக்கு உரிமை இல்லை என்று அடக்கிக்கொண்டு பதிமூன்றாம் குச்சிக்குப் போனேன்.

அவன் போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. பின்னாலேயே வந்து, குனிந்து, சிராய்த்த கையால் டேப்பின் முனையை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுச் சுவருக்கு நடந்தான். முனையைச் சுவரில் அழுத்திப் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். என்னிடம் திட்டு வாங்கிவிடக் கூடாதே என்று ஆறு வருடமாகப் பயந்த அதே முகம்.

"எவ்வளவு வரணும் பாப்பா?" என்று கேட்டான்.

"வர்றது வரட்டும்ணே," என்றேன். "நீ சும்மா பிடிச்சுக்கிட்டா போதும்."